ரைஸ் மில் களத்தில் சக்கரச் செருப்பு

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, அந்த ரைஸ் மில் இருந்தது. கல்யாணம் ஆகி வந்த வருஷமே நான் அங்கே களத்து வேலைக்குப் போய்விட்டேன். அவித்த நெல்லைச் சிமெண்ட் களத்தில் கொட்டிப் பரப்புவோம். அப்புறம் பொழுதுக்கும் அதற்குள் நடப்போம். சும்மா நடப்பதில்லை. பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல், இரண்டு காலையும் இழுத்து இழுத்து, ஏர் ஓட்டினது போல நெல்லில் சால் விழும்படி போக வேண்டும். அப்போதுதான் அடிநெல் மேலே வரும், எல்லாம் ஒரே பதமாகக் காயும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. வெயில் ஏறிவிட்டால் சிமெண்டில் நிற்க முடியாது. நடந்தால் சூடு அவ்வளவு தெரியாது. அதனால் நாங்கள் நின்றதே இல்லை. என் சால்தான் அந்தக் களத்தில் நேர் சால். மேஸ்திரி வாயாலேயே சொல்லியிருக்கிறார். அவர் வாயிலிருந்து நல்ல சொல் வருவது சாமானியமில்லை.

சாயந்திரம் நாலு மணிக்கு நெல்லைக் கூட்டி அம்பாரமாக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். களம் காலியாகிவிடும். மற்றவர்கள் அப்பாடா என்று உட்காருவார்கள். எனக்கு அங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கும். கால் இரண்டும் இன்னும் போக வேண்டும் என்றே இருக்கும். வீட்டுக்குப் போனாலும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். தண்ணீர் வேண்டாம் என்றாலும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவேன். என் வீட்டுக்காரர் அதே மில்லில் நெல் அவிக்கிறவர். வந்து சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.

"இன்னாடி இது, காலுல எஞ்சின் எதனா வெச்சிக்கினு இருக்கிறியா? பாக்கிற எனக்கே மயக்கம் வருது" என்பார்.

 எனக்கே தெரியாத ஒன்று என்னை உட்காரவிடாமல் பண்ணிக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அது போகவில்லை. பத்து வருஷம் அப்படியே ஓடியது.

எண்பது பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது எங்கள் ஊர் வடஆற்காடு ஜில்லாவோடு இருந்தது. மில்லுக்குப் பின்புறச் சுவரை ஒட்டின மாடி அறைக்கு ஒரு வெள்ளைக்காரம்மா குடி வந்தார். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கமெல்லாம் வாடகைக்கு இருப்பார்கள், அதில் புதுசு ஒன்றுமில்லை. என் வயதுதான் அவருக்கும், முப்பதைத் தாண்டியிருக்கும். ஒரு நாள் சாயந்திரம் நாங்கள் களத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது முதலாளியோடு வந்தார். கையில் ஒரு துணிப்பை. களம் காலியாக இருக்கும் நேரத்தில் அந்தம்மா ஓட்டிக்கொள்ளட்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். எதை ஓட்டப் போகிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பையிலிருந்து எடுத்தது இரும்புத் தகடு. அதன் அடியில் நாலு சக்கரம், மேலே தோல் வார். கான்வாஸ் ஷூவின் மேல் வைத்து வாரை இழுத்துக் கட்டினார், சாவி போல ஒன்றை வைத்துத் திருகினார். எழுந்து நின்றார். அவ்வளவுதான் பார்த்தேன். அடுத்த நிமிஷம் அவர் களத்தின் அந்தக் கோடியில் இருந்தார். சக்கரம் சிமெண்டில் உரசுகிற சத்தம் மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. நாங்கள் கால் இழுத்துப் போகிற அதே களம். நாங்கள் ஒரு கோடி போய்ச் சேருகிற நேரத்தில் அவர் நாலு சுற்று வந்துவிட்டார்.

எல்லாரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது. என் களத்தில் என்னைவிட வேகமாக ஒருத்தி போவதா?

மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நேரே போய் அவர் எதிரில் நின்றேன். சக்கரத்தைக் காட்டினேன், என் காலைக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இங்கே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்ததால் கொஞ்சம் தமிழ் பேசுவார்.

"முதல்ல விழணும்" என்றார். "விழ சரியா?"

"விழுந்தா இன்னா, எழுந்துக்கறேன்" என்றேன்.

என் பின்னாலேயே என் நாத்தனார் வந்து நின்றாள். வீட்டுக்காரரின் தங்கை, அவளுக்கும் களத்தில்தான் வேலை. ஆள் நல்ல தாட்டி. இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் கூடையை ஒருத்தியாக இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவாள். நான் ஒன்று செய்தால் அவளும் செய்ய வேண்டும், அது கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற போட்டி.

"அண்ணி விழறதுன்னா நானும் பாக்கணும். விடுவேனா?" என்றாள்.

அன்று நான் எத்தனை தடவை விழுந்தேன் என்று அவள்தான் எண்ணினாள். எண்ணிக்கை தப்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மறுநாள் அவள் கட்டிப் பார்த்தாள். அவள் விழுந்தபோது களமே அதிர்ந்தது. நான் எண்ணவில்லை. அவ்வளவு பெருந்தன்மை எனக்கு இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்குச் சிரித்து வயிற்று வலி வந்துவிட்டது.

விழுவதற்கே ஒரு வாரம் பயிற்சி. பின்னால் சாயக்கூடாது, முட்டி மடிந்து முன்னால் விழ வேண்டும், கையை ஊன்றக்கூடாது. கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும் என்று அந்தம்மா தினமும் சொல்வார். புடவையை நாற்று நடுகிறவர்கள் செருகுவது போல முழங்காலுக்கு மேலே தூக்கிப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டோம். கூடை சுமக்க வைத்திருந்த சும்மாட்டைப் பிரித்து முழங்காலுக்குச் சுற்றிக்கொண்டோம். தலைக்கு ஒரு சும்மாடு, அதன் மேல் துண்டு. கான்வாஸ் ஷூ போட்ட காலோடு நான் வீட்டுக்குப் போன அன்று என் வீட்டுக்காரர் பாயிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"காலை ஒடச்சிக்கினு வந்தீனா நான் ஆக்கிப் போடமாட்டேன், சொல்லிட்டேன்."

"இத்தினி நாளு ஆக்கிப் போட்டாமாதிரி பேசறீங்களே" என்றேன்.

களத்துக்காரிகளான எங்களுக்குக் கால் இழுக்கிற பழக்கம் இருந்ததால் நிற்பது சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் அதே பழக்கம்தான் போகவும் விடவில்லை. நேராக இழுத்தால் சக்கரம் நகராது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பித் தள்ள வேண்டும், ஏரிக்கரையில் வாத்து போகிற மாதிரி. பத்து வருஷம் நேர் சால் பிடித்த கால் எனக்கு. கோணலாகத் தள்ளு என்றால் அது கேட்குமா? சோறு தின்னும்போதும் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பகலில் நெல்லுக்குள் நடக்கும்போது என்னை அறியாமல் கால் வெளியே போய்விடும். சால் கோணிப் போகும்.

"இன்னா, பாம்பு போன தடம் மாதிரி இருக்குது?" என்று மேஸ்திரி கத்துவார். "சர்க்கஸுக்குப் போறவங்க இப்பவே கணக்குத் தீத்துக்கினு போங்க. களம் நெல்லு காய வெக்கிறதுக்கு."

அந்தச் சொல் எனக்கு உறைத்தது. பகலில் நேர்க் கால், சாயந்திரம் கோணல் கால் என்று காலுக்கு இரண்டு புத்தி வைத்தேன். அதற்கு இரண்டு மாதம் ஆனது.

சுற்றிப் போக ஆரம்பித்தபோது ஒரு சண்டை வந்தது. அந்தம்மா ஊரில் இதை இடப்பக்கமாகச் சுற்றுவார்களாம். அவர் இரண்டு சுற்றுப் போனதும் கீழ்பென்னாத்தூர் அக்கா நடுவில் போய்க் கையை விரித்து நின்றுவிட்டார். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர் அவர். எங்களைவிட மூத்தவர், வீட்டுக்காரர் தவறிவிட்டார், வாயில் எப்போதும் வெற்றிலை.

"இந்தாம்மா, எடஞ்சுத்தா சுத்தறது சாவுக்குத்தான். நாளைக்கு நெல்லு கொட்ற எடம் இது. சுத்தறதுன்னா வலமா சுத்து, இல்லன்னா கெளம்பு."

அந்தம்மாவுக்குப் புரியவைக்க நான் மலையைக் காட்டினேன். பௌர்ணமிக்கு ஊரே எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று கையால் வளைத்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். வலமாக ஒரு சுற்றுப் போனார். திரும்பும் இடத்தில் கால் மாறிப் பொத்தென்று விழுந்தார். அவர் விழுந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கீழ்பென்னாத்தூர் அக்கா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "எனக்கும் ஒரு ஜோடி குடு" என்றார்.

மெட்ராஸுக்குப் போய்வந்தபோது அந்தம்மா இன்னும் நாலு ஜோடி வாங்கி வந்தார். அப்புறம்தான் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவர் ஊரில் பெண்பிள்ளைகள் கூட்டம் கட்டி ஆடுவார்களாம். கட்சிக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டோம்; நாங்கள் மூன்று பேர் ஒரு கட்சி, பழகும்போது எதிர்க்கட்சியாக அந்தம்மாவோ எங்களில் ஒருத்தியோ மாறி மாறி நிற்போம். ஒருத்தி தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு பின்னாலிருந்து வர வேண்டும். எதிர்க்கட்சிக்காரிகளில் எத்தனை பேரைத் தாண்டுகிறாளோ அத்தனை புள்ளி. மற்ற இரண்டு பேர் எதிர்க்கட்சிச் சிவப்புத் துணிக்காரியை மறிக்க வேண்டும். கையால் பிடிக்கக்கூடாது, முழங்கையால் குத்தக்கூடாது. இடுப்பாலும் தோளாலும் இடிக்கலாம்.

"இடிக்கலாமா?" என்று என் நாத்தனார் இரண்டு தடவை கேட்டாள். "நெஜமாவே இடிக்கலாமா? யாரும் திட்ட மாட்டாங்களா?"

அவள் பிறந்ததே அதற்குத்தான் என்பது போல ஆகிவிட்டாள். பெண்ணாகப் பிறந்தவள் ஒதுங்கிப் போ, ஒடுங்கி நட என்று கேட்டே வளர்ந்தவள். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கல்யாண வீட்டில் மூலையில் நிற்பாள். களத்தில் சக்கரம் கட்டினால் அவள் நிற்கிற இடம் அவளுடையது. கீழ்பென்னாத்தூர் அக்கா மெதுவாக வந்து எதிரில் நின்றுகொள்வார், அவரைச் சுற்றிப் போகப் பார்க்கும்போது இவள் பக்கத்திலிருந்து ஒரு இடி கொடுப்பாள். சிவப்புத் துணி எனக்கு. வேகம் என்னிடம்தான் இருந்தது.

எனக்கும் ஏதோ மாறியது. மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில் யாராவது இடித்துக்கொண்டு போனால் முன்பெல்லாம் நான் தடுமாறுவேன். இப்போது முட்டியை லேசாக மடக்கி நின்றால் இடித்தவர்தான் தள்ளிப் போகிறார். கிருத்திகைக் கூட்டத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நானும் நாத்தனாரும் ஏறி ஜன்னல் சீட்டுப் பிடித்தோம். கண்டக்டரே ஆச்சரியப்பட்டார்.

அப்படியிருக்க, அந்தம்மாவுக்கு விசா முடிகிறது என்று தெரிந்தது. மாசியில் ஊருக்குப் போகிறார். போவதற்கு முன்னால் பாண்டிச்சேரியில் இருக்கும் அவருடைய சிநேகிதிகள் இரண்டு பேரை வரவழைத்து, அவர்கள் மூன்று பேர், நாங்கள் மூன்று பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாக ஆடிப் பார்ப்பது என்று பேசினோம். முதலாளி நாற்காலி போடச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. அந்த ஆட்டத்தை ஆடியே ஆக வேண்டும், ஆடி அந்த மூன்று பேரையும் தாண்ட வேண்டும். வேறு நினைப்பே இல்லை.

அந்த அவசரத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன்.

தீபம் முடிந்து கூட்டம் கலைந்த வாரம். அந்தம்மா பாண்டிச்சேரி போயிருந்தார். என் சக்கரம் கிறீச் கிறீச்சென்று கத்தியது, வேகம் கம்மியானது போல இருந்தது. என் நாத்தனாரை என்னால் தாண்ட முடியவில்லை. "இன்னா அண்ணி, எஞ்சின் நின்னுபோச்சா?" என்று அவள் வேறு சீண்டினாள். அந்தம்மா சின்ன டப்பாவிலிருந்து தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். அது எனக்கு அற்பமாகத் தெரிந்தது. எங்கள் மில்லில் சக்கரம் என்று ஒன்று இருந்தால் அதற்கு வண்டி மைதான். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்தது, மூட்டை வண்டிக்குப் போடுவது. டப்பாவிலிருந்து இரண்டு விரலால் வழித்து எட்டுச் சக்கரத்துக்கும் அப்பினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா?

இரண்டு நாள் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மில்லில் காற்றே தவிடுதான் என்பதை நான் யோசிக்கவில்லை. தவிடும் உமியும் மையில் ஒட்டி, சக்கரத்துக்குள் களி போல இறுகிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் அந்தம்மா திரும்பி வந்துவிட்டார். அவர் எதிரில் காட்ட வேண்டும் என்று முழு வேகத்தில் வந்தேன். திருப்பத்தில், அன்றைக்கு எதிர்க்கட்சியாக மறித்த நாத்தனார் தோளைக் கொடுத்தாள். தொட்டது மாதிரிதான் இருந்தது. அதே நேரம் என் இடது காலின் முன்சக்கரம் கப்பென்று நின்றது. நான் கையை ஊன்றினேன். வலது மணிக்கட்டில் பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது.

எல்லாரும் ஓடிவந்தார்கள். என் நாத்தனார் கழன்று ஓடிய என் சக்கரச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அவளைப் பார்த்து, "நீ ரொம்ப இடிச்சே. இது தப்பு. இனி நீ இல்லை" என்றார்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி இருந்தது, வாஸ்தவம். ஆனால் வாயைத் திறக்க முடியாத வலி இல்லை. மை போட்டேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. களத்தில் எல்லாம் தெரிந்தவள் என்று பேர் எடுத்தவள் நான், அத்தனை பேர் எதிரில் எப்படிச் சொல்வேன்? அவள் என் செருப்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் கால் வாரையும் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பட்டை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவித் துணி சுற்றினார். ஆறு வாரம் ஆட்டக்கூடாது என்றார். மறுநாளே ஒற்றைக் கையால் மண்ணெண்ணெயில் அந்தச் சக்கரங்களைக் கழுவினேன். யாருக்கும் தெரியாமல் கழுவிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆறு வாரம் எனக்கு நரகம். கால் போக வேண்டும் என்கிறது, கை கட்டிக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே மூன்று வேளையும் ஆக்கிப் போட்டார். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். நடந்தால் நாத்தனார் முகம் வருகிறது, உட்கார்ந்தால் சக்கரம் நின்ற அந்த நிமிஷம் வருகிறது.  மறுபடி ஏறினால் விழுவேன் என்ற பயம் ஒரு பக்கம். அவள் இல்லாமல் ஆட்டமே இல்லை என்பது இன்னொரு பக்கம். சாயந்திரம் மில் பக்கம் போனால் அந்தம்மாவும் கீழ்பென்னாத்தூர் அக்காவும் மட்டும் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

"ரெண்டு பேரை வெச்சிக்கினு ஆட முடியாது" என்றார் அக்கா. "நீ போய் அவளக் கூப்பிடு. நான் கூப்ட்டேன், வரமாட்டேங்கிறா. எங்கண்ணி வரட்டும்ங்கிறா."

கட்டு அவிழ்த்த அன்று போனேன். நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு. ஆனால் மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாம் தடவை அவளே பார்த்துவிட்டாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி, தெருவுக்குச் சால் புடிக்கிறீங்களா?"

"ஆட்டத்துக்கு வாடி" என்றேன்.

"நான்தான் இடிச்சிக் கொல்றவளாச்சே."

நான் நின்றேன்.  "நீ இடிக்கல. சக்கரம் நின்னுபோச்சு. நான் வண்டி மை போட்டுட்டேன்."

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள். "செருப்ப எடுத்தது யாரு? மையோட நாத்தம் எனக்குத் தெரியாதா? அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?"

"நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? உங்களுக்கு வாய் இல்லியா? ஆறு வாரமா நான் ரேஷன் கடைக்குப் போனா, அண்ணி கைய ஒடச்சவன்னு பேசறாங்க. எங்கண்ணன் கூட எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. நீங்க உள்ள உக்காந்து கேட்டுக்கினு இருந்தீங்க." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட சொல்றது பெருசு இல்ல. எல்லாரு எதிர்லயும் திட்டு வாங்கினேன். எல்லாரு எதிர்லயும் சொல்லுங்க. சொன்னா வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நான் களத்துக்குப் போய்ச் சக்கரம் கட்டினேன். கட்டி நின்றேன். நகர முடியவில்லை. அந்தம்மா கையைக் கொடுத்தார், பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். நேராகப் போக முடிந்தது. திருப்பம் வந்தால் என் கால் தானாக நின்றுவிடும். பத்து நாளும் அப்படித்தான். திருப்பத்தில் நின்று, தத்தித் தத்தித் திரும்பி, மறுபடி ஓடுவேன். முதலில் வாத்து நடை நடந்தபோதுகூட நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலாளி வீட்டார், களத்துக்காரிகள், மூட்டைக்காரர்கள், தெருவில் பாதி. மேஸ்திரி எங்கிருந்தோ ஒரு விசில் வாங்கி வந்திருந்தார், சர்க்கஸ் என்று சொன்னவர் நடுவில் நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரிக்காரர்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து சக்கரம் கட்டினவர்கள். உயரமாக, வெள்ளைச் சட்டையில், களத்தை ஒரு சுற்று வந்தார்கள். கூட்டம் ஓ என்றது.

நாத்தனார் வந்திருந்தாள். சக்கரம் கட்டவில்லை. கூட்டத்தில், அவள் அண்ணன் பக்கத்தில் நின்றாள்.

நான் களத்தின் நடுவுக்குப் போனேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"ஆட்டத்துக்கு முன்ன ஒரு வார்த்த. என் கை ஒடஞ்சது எங்க நாத்தனார் இடிச்சி இல்ல. நான் சக்கரத்துக்கு வண்டி மை போட்டேன். தவுடு புடிச்சிச் சக்கரம் நின்னுபோச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது."

 கூட்டத்திலிருந்து மூட்டைக்காரர் ஒருவர், "மூட்ட வண்டி மை போட்டா மூட்ட மாதிரிதானே விழுவ!" என்றார். களம் முழுக்கச் சிரிப்பு. என் காது சுட்டது. அந்தம்மாவுக்கு மேஸ்திரி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினார். அவர் கைப்பையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேரே நாத்தனாரிடம் போய் இரண்டு கையும் கூப்பினார். இவள் வெட்கத்தில் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். ஒளிகிற உடம்பா அது? என் வீட்டுக்காரர்தான் குனிந்து அவள் காலுக்கு வாரைக் கட்டிவிட்டார்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் மூன்று சுற்றிலும் நான் ஒரு ஆளைக்கூடத் தாண்டவில்லை. திருப்பத்தில் நின்றுவிடுகிறேன், அவர்கள் போய்விடுகிறார்கள். ஆனால் வலமாகச் சுற்றிப் பழக்கமில்லாத பாண்டிச்சேரிக்காரர்களும் திருப்பத்தில் தடுமாறினார்கள். கீழ்பென்னாத்தூர் அக்கா ஒருத்தியின் எதிரில் போய்ச் சும்மா நிற்க, அந்தப் பெண் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்படியும் அவர்கள் எங்களை முந்திப் புள்ளி எடுத்துக்கொண்டே போனார்கள்.

மேஸ்திரி கடைசிச் சுற்று என்று விசில் ஊதினார். நான் பின்னாலிருந்து வந்தேன். திருப்பம் வருகிறது. கால் இறுகுகிறது. முன்னால் போய்க்கொண்டிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்துக் கையைப் பின்னால் நீட்டினாள். நம்ம ஆளை நாமே கைபிடித்து முன்னால் வீசிவிடலாம், அது ஆட்டத்தில் சரிதான். அவள் நீட்டின கைக்கு என் வலது கைதான் எட்டும். ஒடிந்த கை.

"குடுங்க அண்ணி!" என்று கத்தினாள். "ஒடிக்க மாட்டேன், குடுங்க!"

கொடுத்தேன். அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, அதற்கு மேலே முழங்கைப் பக்கம் பிடித்தாள். பிடித்து, கூடையைத் தூக்கி எறிகிற மாதிரி என்னை முன்னால் வீசினாள். திருப்பத்தில் நிற்க என் காலுக்கு நேரமே கிடைக்கவில்லை. கால் தானாகக் குறுக்கே மாறியது. வெள்ளைச் சட்டை ஒன்று போனது, இன்னொன்று போனது. கடைசியாக அந்தம்மா. அவர் இடுப்பைக் கொடுத்தார். நான் முட்டியை மடக்கி வாங்கிக்கொண்டு உள்பக்கமாக நுழைந்து வெளியே வந்துவிட்டேன். மூன்று பேர்.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் தோற்றோம். மேஸ்திரி அதை மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார், மாறவில்லை. நாற்காலிக்காரர்களுக்குக் காபி கொடுத்தார்கள். அந்தம்மாவைச் சுற்றிப் பெண்பிள்ளைகள் கூட்டம். எல்லாரும் சக்கரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் என் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது இரண்டு பேருக்கும்.

"கை நோவுதா?"

"நோவுது."

"நோவட்டும்" என்றாள். "திருப்பத்துல இன்னும் பயப்படறீங்க. நான் பாத்தேன்."

"நீ வீசினதுல பயப்படறதுக்கு எங்கடி நேரம்?"

"அப்ப நான் வீசாம ஒருக்கா போங்க, பாக்கலாம்."

நான் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டினேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்த களத்தில் அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். திருப்பம் வந்தது. அவள் கையை நீட்டவில்லை. என் காலும் நிற்கவில்லை.